அத்தியாயம் 6: தொலைந்த நடையை மீட்பது

சென்னையில் வேலைக்குப் போய்வந்த எட்டு வருடமும் நான் உடற்பயிற்சி என்று தனியாக எதுவும் செய்ததில்லை. வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறுவேன். திருவான்மியூரில் இறங்கி, நிலையத்துப் படிகளைக் கடந்து, அலுவலகம் வரை நடப்பேன். என் இருக்கை மூன்றாவது மாடியில், கேன்டீன் தரைத்தளத்தில். லிஃப்டுக்குக் கூட்டம் நிற்கும் என்பதால் படியிலேயே போய்விடுவேன். சாயங்காலம் நாலு மணிக்கு நண்பர்களோடு வெளியே டீக்கடை. இதையெல்லாம் உடம்புக்காகச் செய்கிறோம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

2020 மார்ச்சில், ஊரடங்குக்கு முந்தைய வாரம், லேப்டாப்போடு மதுரைக்கு வந்து சேர்ந்தேன். கட்டிலிலிருந்து மேசைக்குப் பதினோரு எட்டு. மேசையிலிருந்து சமையலறைக்கு ஒன்பது. ஆறு மாதத்தில் பேண்ட் எதுவும் இடுப்பில் ஏறவில்லை. பிடரியில் யாரோ கைவைத்து அழுத்துவதுபோல எந்நேரமும் ஒரு கனம். ஒருநாள் கீழே விழுந்த பேனா மூடியை எடுக்கக் குனிந்தவன் நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது எனக்கு வயது முப்பத்தாறு. “காலையில உக்காந்தவன் இன்னும் எந்திரிக்கலயேப்பா” என்று அம்மா நாலைந்து மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி போனில் அடிக்கணக்கைப் பார்த்தேன். நாள் முழுக்க 1,300 அடி.

நான் சோம்பேறியாகிவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மை அதுவல்ல. வேலைக்குப் போய்வருவதற்குள் ஒளிந்திருந்த நடையும் படியும், வேலை வீட்டுக்கு வந்தபோது கூடவே வரவில்லை. இந்த அத்தியாயம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: புதிதாக எதையும் தொடங்குவதற்கு முன்னால், எதையெல்லாம் தொலைத்தோம் என்று கணக்கெடுங்கள். தொலைந்த ஒவ்வொன்றையும் நாளுக்குள் அதே இடத்தில் திரும்ப வையுங்கள்.

ஒரே பேருந்தில் இரண்டு பேர்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் லண்டனில் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் மாரடைப்பு யாருக்கு வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். லண்டனின் இரண்டடுக்குப் பேருந்து அவருக்கு நல்ல சோதனைக்களமாக அமைந்தது. ஓட்டுநர் வேலை நேரம் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் ஏறி இறங்குவார். ஒரு நாளில் 500 முதல் 750 படிகள். இருவருக்கும் ஒரே நிறுவனம், ஒரே சாலை, ஒரே புகை. 35 முதல் 64 வயது வரையிலான சுமார் 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்களைப் பற்றிய அந்த ஆய்வு 1953இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. நடத்துநர்களைவிட ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்றும், நடத்துநர்களுக்கு வந்தாலும் அது அவ்வளவு கடுமையாக இல்லை என்றும் அது காட்டியது.

பருமனான ஆட்களே ஓட்டுநர் வேலைக்கு வந்திருக்கலாமே என்ற கேள்வி எழுந்தது. மோரிஸ் குழுவினர் நிறுவனத்தில் இருந்த சீருடைக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். ஓட்டுநர்களின் இடுப்பளவு உண்மையிலேயே பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் பின்னால் ஒரே உடல்வாகு உள்ளவர்களை ஒப்பிட்டபோதும் நடத்துநர்களின் நிலைமையே மேலாக இருந்தது. நடந்து தபால் கொடுத்தவர்களையும் அதே துறையில் உட்கார்ந்து எழுதியவர்களையும் ஒப்பிட்டபோதும் விடை மாறவில்லை.

அலுவலகம் போய்வந்தபோது நீங்களும் நானும் ஓரளவுக்கு நடத்துநர்கள். வீட்டில் வேலை பார்க்கத் தொடங்கிய அன்று ஓட்டுநர் இருக்கைக்கு மாறிவிட்டோம். சம்பளமும் வேலையும் அப்படியே இருப்பதால் மாற்றம் நமக்கு உறைப்பதில்லை. உடம்புக்கு உறைக்கிறது.

உட்காரும்போது உள்ளே என்ன நடக்கிறது? நம் உடலில் சர்க்கரையை அதிகம் உள்வாங்கிக்கொள்வது தசை. தசை சுருங்கி விரியும்போது இன்சுலினின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். தொடையும் புட்டமும் உடலின் பெரிய தசைகள். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவைதான் முதலில் ஓய்ந்துபோகின்றன. கால் ரத்தத்தை மேலே தள்ளும் கெண்டைக்கால் தசையும் சும்மா இருக்கிறது. சாயங்காலம் கணுக்காலில் சாக்ஸின் தடம் பதிவது அதனால்தான். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகளுக்குப் பெரியவர்களிடம் நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. சுற்றியுள்ள திசுக்களிலிருந்து ஊறி வரும் சத்துதான் அவற்றுக்கு உணவு. அசைவு அதற்கு உதவுகிறது. ஒரே நிலையில் நாலு மணி நேரம் உட்காருவது, எவ்வளவு விலை உயர்ந்த நாற்காலியாக இருந்தாலும், உட்காருவதுதான்.

நம் ஊருக்கு இதில் கூடுதல் கவலை உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் அது மதிப்பிட்டது. ஒல்லியாகத் தெரிபவருக்கும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வது நம் உடல்வாகு. ஆகவே எடைக்கருவியைவிட இஞ்ச் டேப்பை நம்புங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளவெடுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் நம் நாட்டவருக்கான எல்லை. மாதம் ஒருமுறை அளந்து நாள்காட்டியில் எழுதிவையுங்கள்.

முதல் வேலை: கணக்கெடுப்பு

ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடது பக்கம், அலுவலகம் போன நாளில் உடம்பு அசைந்த ஒவ்வொரு தருணத்தையும் எழுதுங்கள். வலது பக்கம், அதற்கு ஈடாக வீட்டில் என்ன வைக்கப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். என் தாள் இப்படி இருந்தது:

- ரயில் நிலையத்துக்கும் அலுவலகத்துக்கும் போக வர 40 நிமிட நடை → காலையில் 20, மாலையில் 20 நிமிட நடை
- மீட்டிங் அறை, பிரிண்டர், பக்கத்து டீம் என்று பதினைந்து முறை எழுந்தது → அரை மணிக்கு ஒருமுறை எழுவது
- சாப்பிட்டபின் வளாகத்தில் ஒரு சுற்று → மொட்டை மாடியில் பத்து நிமிடம்
- நாளுக்கு நாலு தடவை மூன்று மாடி ஏறி இறங்கியது → வாரம் மூன்று நாள் தசைப்பயிற்சி
- நாலு மணி டீக்கடை → தெருமுனைக் கடை வரை போய்வருவது

அலுவலக வாழ்க்கையே தெரியாமல் நேராக வீட்டிலிருந்து வேலை தொடங்கியவர்கள், கல்லூரிக்குப் போன நாட்களை எழுதலாம்.

அடிக்கணக்கு பற்றி ஒரு வார்த்தை. நாளுக்குப் 10,000 அடி என்ற இலக்கு மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ‘மான்போ-கே’ என்ற அடியளவுக் கருவியின் பெயருக்குப் பொருளே ‘பத்தாயிரம் அடி அளவி’ என்பதுதான். அங்கிருந்து அது உலகமெங்கும் பரவியது. சராசரி வயது 72 ஆன அமெரிக்கப் பெண்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. நீங்கள் இளையவர் என்றால் இன்னும் கொஞ்சம் நடக்கலாம். ஆனால் இன்று 1,500இல் இருப்பவர் பத்தாயிரத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். அடுத்த வாரம் 2,500. அதற்கடுத்த வாரம் 3,500. அது போதும்.

வேலைக்குப் போகும் நடை

காலையில் லேப்டாப்பைத் திறக்குமுன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்புங்கள். பத்து நிமிடம் ஒரு திசையில் நடந்து, அதே வழியில் திரும்பி வாருங்கள். வீட்டுக்குள் நுழையும்போது வேலைக்கு வந்துவிட்டீர்கள். மாலையில் லேப்டாப்பை மூடியதும் இதையே திரும்பச் செய்யுங்கள். இப்போது வீடு திரும்புகிறீர்கள்.

நான் தெருவைத் தாண்டி பஸ் ஸ்டாப் வரை நடந்துபோய், அங்கிருக்கும் வேப்பமரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறேன். எங்கே திரும்புவது என்று ஓர் அடையாளம் இருந்தால் ‘இன்றைக்கு இது போதும்’ என்று பாதியில் திரும்ப மனம் வராது. மாலை நடைக்கு இன்னொரு பயனும் உண்டு. வீடும் அலுவலகமும் ஒன்றாகிவிட்டவர்களுக்கு வேலை எப்போது முடிகிறது என்றே தெரிவதில்லை. அந்த இருபது நிமிடம் வேலையைக் கொண்டுபோய் வெளியே விட்டுவிட்டு வருகிறது.

நடக்கும்போது மூச்சு இரைக்காமல் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் இந்த வேகத்து அசைவையும், வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலு தரும் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. தொடர்ச்சியாகப் பத்து நிமிடமாவது இருந்தால்தான் கணக்கில் சேரும் என்ற பழைய நிபந்தனையை அது கைவிட்டுவிட்டது. ஐந்து நிமிடம் நடந்தாலும் அது நடைதான். நாளுக்கு இருபதும் இருபதும் நடந்தால் ஐந்து வேலைநாளில் 200 நிமிடம் ஆகிவிடுகிறது.

மழை பெய்தாலும் தெருநாய்த் தொல்லை இருந்தாலும் மொட்டை மாடிக்குப் போங்கள். மாடி சின்னதாக இருந்தால் சாக்பீஸால் இரண்டு வட்டம் சேர்ந்த எட்டு ஒன்றை வரைந்து அதன்மேல் நடக்கலாம். நம் ஊர்ப் பூங்காக்களில் பலர் செய்வது இது. ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பித் தலைசுற்றாது என்பதே சிறிய இடத்தில் எட்டு நடையின் பெரிய வசதி. ஞாயிற்றுக்கிழமை நீண்ட நடை வேண்டுமென்றால், ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் 2023 நவம்பர் முதல் மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை அடையாளமிடப்பட்டிருக்கிறது. உங்கள் ஊரில் அது எங்கே என்று விசாரியுங்கள்.

அரை மணிக்கு ஒருமுறை

ஒரு மணி நேரம் நடந்துவிட்டால் மீதி நாள் உட்காரலாமா என்று பலர் கேட்கிறார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2016இல் லான்செட்டில் வந்தது. நாளுக்கு 60 முதல் 75 நிமிடம் வேகநடை அளவுக்கு அசைபவர்களிடம், எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதால் கூடும் இறப்பு அபாயம் காணப்படவில்லை. ஆகவே முடியுமென்றால் ஒரு மணி நேரம் நடங்கள். ஆனால் தினமும் அது யாரால் முடிகிறது? மற்றவர்களுக்கு, உட்காருவதை உடைப்பதே வழி.

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2023இல் பதினோரு பேரிடம் ஒரு சிறிய சோதனை நடந்தது. எட்டு மணி நேரம் உட்காரவைத்து, இடையிடையே நடக்கவிட்டார்கள். அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நடந்தபோது, சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறும் அளவு 58 சதவீதம் குறைந்தது. சின்னச் சோதனைதான். என்றாலும் தசை சர்க்கரையை உறிஞ்சும் விதத்தோடு அது பொருந்துகிறது.

வேலை நடுவில் ஐந்து நிமிடம் எல்லோருக்கும் கிடைக்காது. இரண்டு நிமிடமாவது எழுந்திருங்கள். அலாரம் வைத்தால் மூன்றாம் நாளே அதை அணைத்துவிடுவோம். நானும் அப்படித்தான் அணைத்தேன். அதைவிட, எழுந்தே தீரவேண்டிய காரணங்களை வீட்டில் வையுங்கள்:

- மேசையில் பெரிய தண்ணீர் பாட்டில் வேண்டாம். ஒரு டம்ளர் போதும். தீர்ந்தால் பானைக்குப் போகவேண்டும்.
- போன் சார்ஜரை அடுத்த அறையில் செருகிவையுங்கள்.
- முகம் காட்டத் தேவையில்லாத மீட்டிங் எல்லாம் நின்றபடி. நீங்கள் கேட்க மட்டும் செய்கிற மீட்டிங் நடந்தபடி. இயர்போன் இருந்தால் வாசலுக்கும் கொல்லைக்கும் போய்வரலாம்.
- ஒரு மெயில் அனுப்பி, ஒரு கோப்பை முடித்து, அடுத்ததைத் தொடுமுன் எழுந்து நில்லுங்கள்.
- துணி காயப்போடுவது, மடிப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்றவற்றைக் காலையிலேயே முடிக்காமல் வேலை நாளுக்குள் இறைத்துவையுங்கள்.

கடைசிக் குறிப்பை ஆண்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். வீட்டிலிருக்கும் பெண்கள், தாங்களும் கம்ப்யூட்டரில் வேலை பார்த்துக்கொண்டே, அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே ஓடுகிறார்கள். அந்த ஓட்டத்தில் பாதியை நீங்கள் வாங்கிக்கொண்டால் உங்களுக்கு அசைவு கிடைக்கும், அவர்களுக்கு நிம்மதியாக நடக்கப்போக இருபது நிமிடம் கிடைக்கும். பெண்களுக்கு ஒரு வார்த்தை: வீட்டு வேலையும் அசைவுதான், கணக்கில் சேரும். ஆனால் குனிந்து கூட்டுவதும் நின்று சமைப்பதும் தொடையையும் முதுகையும் வலுவாக்கிவிடாது. தசைப்பயிற்சி உங்களுக்கும் தனியாக வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பின்

மதியச் சோறு நமக்கு நாளின் பெரிய சாப்பாடு. சாப்பிட்டவுடன் நாற்காலிக்குத் திரும்பினால் ரத்தச் சர்க்கரை ஏறும் நேரத்தில் தசை தூங்குகிறது. கை கழுவியதும் பத்து நிமிடம் மெதுவாக நடங்கள். கூடம் போதும், வெயிலில் மாடிக்குப் போகவேண்டியதில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகும் இதையே செய்யுங்கள். சர்க்கரை எல்லையில் இருப்பவர்கள் இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யட்டும்.

முழங்கால் இடம் கொடுத்தால் தரையில் சப்பணமிட்டுச் சாப்பிடுங்கள். கையை ஊன்றாமல் உட்கார்ந்து, ஊன்றாமல் எழ முயலுங்கள். இடுப்பும் கணுக்காலும் இளக்கமாக இருக்கின்றனவா என்று தினமும் சொல்லிவிடும் சோதனை அது. நொறுக்குத்தீனி டப்பாவைக் கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். வேர்க்கடலை, சுண்டல், கொய்யா என்று எதைத் தின்றாலும் தட்டில் எடுத்து, மேசையை விட்டு எழுந்து தின்னுங்கள். திரையைப் பார்த்தபடி தின்றால் எவ்வளவு தின்றோம் என்று தெரியாது.

தசைக்குப் பதினைந்து நிமிடம்

முப்பது வயதைத் தாண்டியதும் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையத் தொடங்கும். அதைத் தடுத்து நிறுத்தும் வழி, தசைக்குப் பாரம் கொடுப்பது. ஜிம் இல்லாமலே செய்யக்கூடிய ஐந்து பயிற்சிகளைத் தருகிறேன். திங்கள், புதன், வெள்ளி என்று ஒருநாள் விட்டு ஒருநாள். ஒவ்வொன்றும் பத்து முறை, இரண்டு சுற்று.

தோப்புக்கரணம். பிள்ளையார் முன்னால் போட்டதையே, இப்போது நிதானமாகப் போடப்போகிறோம். பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, விரல்களைச் சற்றே வெளிப்பக்கம் திருப்புங்கள். கைகளைக் குறுக்கே கொண்டுபோய்க் காதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு முக்காலி இருப்பதாக நினைத்து, புட்டத்தைப் பின்னுக்குத் தள்ளியபடி மூன்று எண்ணும்வரை மெதுவாக இறங்குங்கள். முழங்கால் விரல்கள் பார்க்கும் திசையிலேயே போகவேண்டும், உள்ளே மடங்கக்கூடாது. குதிகால் தரையை விட்டு எழக்கூடாது. எழுந்தால், அந்த ஆழம் இன்னும் உங்களுக்கு உரியதல்ல; அதற்கு மேலேயே நின்றுவிடுங்கள். குதிகாலால் தரையை அழுத்தி எழுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் உண்மையிலேயே ஒரு நாற்காலியைப் பின்னால் போட்டு, அதில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தால் போதும். நான் தொடங்கியதும் நாற்காலியில்தான். ஏழாவது வாரம்தான் முழுசாக இறங்கி எழ முடிந்தது.

சுவர்த் தண்டால். சுவரிலிருந்து ஓரெட்டு தள்ளி நின்று, உள்ளங்கைகளை நெஞ்சு உயரத்தில் ஊன்றி, நெஞ்சைச் சுவரருகே கொண்டுபோய்த் திரும்புங்கள். தலையிலிருந்து குதிகால் வரை ஒரே கோடு. பதினைந்து முறை எளிதானதும் சமையல் மேடைக்கு, பிறகு கட்டில் விளிம்புக்கு, பிறகு தரைக்கு இறங்குங்கள்.

கேன் இழுப்பு. ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் ஐந்து கிலோ. ஒரு கையை நாற்காலி மேல் ஊன்றி, முதுகை நேராக வைத்துக் குனிந்து, மறு கையால் கேனை விலாப் பக்கம் வரை இழுங்கள். நாள் முழுக்க முன்னால் கூனுகிற தோளைப் பின்னால் இழுக்கும் பயிற்சி இதுதான். இதை விட்டுவிடாதீர்கள்.

இடுப்புப் பாலம். பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, புட்டத்தை இறுக்கி இடுப்பைத் தூக்குங்கள். மேலே இரண்டு எண்ணிக்கை நின்று இறங்குங்கள். உட்கார்ந்தே மரத்துப்போன தசைக்கு இது வேலை கொடுக்கும்.

குதிகால் உயர்த்தல். சுவரைத் தொட்டபடி நுனிக்காலில் எழும்பி, மெதுவாக இறங்குங்கள். பால் காயும்வரை அடுப்படியில் நிற்கும்போதும் செய்யலாம்.

மறுநாள் தசையில் லேசான வலி இருப்பது இயல்பு. மூட்டில் குத்தும் வலி இயல்பல்ல. அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள்.

மேசையும் கண்ணும்

லேப்டாப்பின் குறை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. திரை கண்ணுக்கு நேராக இருந்தால் கீபோர்டு உயர்ந்துவிடும். கீபோர்டு கைக்கு வாகாக இருந்தால் திரை தாழ்ந்து கழுத்து குனியும். மனிதத் தலை ஏறக்குறைய ஐந்து கிலோ. குனியக் குனியப் பிடரித் தசை தாங்கும் பாரம் பல மடங்கு ஏறும். வழி ஒன்றுதான். லேப்டாப்பைத் தடித்த புத்தகங்கள்மேல் ஏற்றி, தனிக் கீபோர்டும் மவுஸும் வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய நாற்காலிக்குச் செலவழிக்குமுன் இதற்குச் செலவழியுங்கள்.

- திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், அல்லது சற்றுக் கீழே. தூரம் ஒரு கை நீளம்.
- தோள் தளர்ந்து, முழங்கை உடலோடு ஒட்டி, மணிக்கட்டு வளையாமல் இருக்கவேண்டும்.
- பாதம் தரையில் முழுதாகப் படியவேண்டும். எட்டாவிட்டால் சாப்பிட உட்காரும் மணையைக் காலடியில் போடுங்கள்.
- இடுப்புக்குப் பின்னால் சுருட்டிய துண்டு ஒன்று.
- கட்டிலில் சாய்ந்து வேலை பார்ப்பதை நிறுத்துங்கள்.

நின்று வேலை பார்க்க விரும்பினால், நிற்கும்போது முழங்கை உயரத்துக்கு வரும் எந்த அலமாரித் தட்டும் உதவும். ஆனால் நாள் முழுக்க நிற்பதும் தீர்வல்ல. மாறிமாறி இருப்பதே உடம்புக்கு நல்லது.

திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைந்துவிடும். எரிச்சலும் உறுத்தலும் அதனால்தான். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடிக்கு அப்பால், இருபது விநாடி பாருங்கள். ஜன்னல் வழியே எதிர்வீட்டு முருங்கைமரம் போதும். மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் அடிக்காதபடி இருக்கையைத் திருப்பிப் போடுங்கள்.

இரவு வேலை பார்ப்பவர்களுக்கு

அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்கிறவர்கள் ‘காலை நடை’ என்பதைத் தூங்கி எழுந்தபின் முதல் நடை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அது மதியம் மூன்று மணியாக இருந்தாலும் சரி, வெளிச்சத்தில் நடங்கள். நள்ளிரவுக்குப் பிறகு பெரிய சாப்பாடு வேண்டாம். விடியற்காலை தூங்கப் போகுமுன் கடினமான பயிற்சி வேண்டாம். தூக்கம் கெட்டால் பசியும் சர்க்கரையும் சேர்ந்து கெடும்.

எப்போது மருத்துவரிடம் போகவேண்டும்

நடக்கும்போதோ படி ஏறும்போதோ நெஞ்சில் இறுக்கம் வந்தால், வலி தாடைக்கோ கைக்கோ பரவினால் உடனே போங்கள். ஒரு காலின் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். முதுகுவலியோடு காலில் வலுக்குறைவு, சிறுநீர் கழிப்பதில் சிக்கல் வந்தால் அது அவசரம். விரல் மரத்துப்போவது வாரக்கணக்கில் நீடித்தாலும் காட்டுங்கள். இதயநோய், ரத்த அழுத்தம், கர்ப்பம் என்று ஏதேனும் இருந்தால் தசைப்பயிற்சிக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நான்கு வாரம்

எல்லாவற்றையும் திங்கட்கிழமையே தொடங்கினால் வியாழக்கிழமை நின்றுபோகும்.

- முதல் வாரம்: கணக்கெடுப்புத் தாள். லேப்டாப்பை உயர்த்துவது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம்.
- இரண்டாம் வாரம்: காலை நடை சேரட்டும். டம்ளர் மட்டும் மேசையில்.
- மூன்றாம் வாரம்: மாலை நடை. மீட்டிங்குகளில் நிற்பது.
- நான்காம் வாரம்: தசைப்பயிற்சி, வாரம் இரண்டு நாள், ஒரு சுற்று மட்டும்.

ஒருநாள் தவறினால் மறுநாள் தொடருங்கள். இரண்டு நாள் தொடர்ந்து தவறவிடாதீர்கள். டெட்லைன் நெருக்கும் வாரத்தில் எல்லாம் கைவிட்டுப் போனாலும் ஒன்றை மட்டும், அந்தக் காலை நடையை மட்டும், பிடித்துக்கொள்ளுங்கள். மற்றவை அதன் பின்னாலேயே திரும்பி வரும்.

ஜெரி மோரிஸ் தன் ஆய்வைத் தன் உடம்பிலும் கடைப்பிடித்து, 2009இல் தொண்ணூற்றொன்பதாவது வயதில் காலமானார். நமக்கு அவ்வளவு ஆயுள் வாய்க்குமா என்பது நம் கையில் இல்லை. கீழே விழுந்த பேனா மூடியைச் சுவரைப் பிடிக்காமல் எடுக்கும் உடம்பு பெருமளவு நம் கையில் இருக்கிறது. நாளைக் காலை லேப்டாப்பைத் திறக்குமுன் செருப்பை மாட்டுங்கள். உங்கள் தெருவிலும் திரும்பி வருவதற்கு ஒரு மரம் இருக்கும். அது எது என்று முதலில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.